சுவரில் ஆணி அடிக்காமல் ஓர் ஓவியக்கூடம்

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம், கபுக்கல் என்ற செம்மண் கல்லால் கட்டிய ஒரு பழைய வீட்டை 20 ஓவிய மாணவர்களுக்காக மாற்றினோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: சுவரில் ஆணி இறக்குவதில்லை. வைப்பது எல்லாம் தன் காலில் நிற்கவேண்டும், இல்லையேல் கூரையில் தொங்கவேண்டும்.

வேலை தொடங்குமுன் கட்டடம் அரச வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓடுகூட மாற்ற முடியாது.

சுவரில் யாரோ முன்பு சீமெந்து பூசியிருந்தார்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் உப்பாகப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக விழுந்தது. அதை முழுக்கக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற கலவையை மெல்லிய படைகளாகப் பூசினோம். ஒவ்வொரு படையையும் ஈரச்சாக்கால் மூடி வைக்கவேண்டும். மேலே வெள்ளையடிப்புத்தான், எமல்ஷன் வேண்டாம். அந்தச் சுண்ணாம்பு கடதாசியில் ஒட்டும். அதனால் படங்களைச் சுவரில் சாத்தாமல், தீராந்தியிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்ட பழைய முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாயில் மாட்டுகிறோம்.

மேசைகள், இடித்த வீடுகளின் கதவுகள். 7 அடிக் கதவு ஒன்றில் இருவர் வரையலாம். வாங்கும்போது குத்தூசியால் ஓரங்களைக் குத்திப் பாருங்கள். மா போல உதிர்ந்தால் உளுத்தது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், உலரவிட்டு அரத்தாள் போடாதீர்கள். நனைத்துச் சுரண்டி, கழிவைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பலகைக் குழிகளை மறைக்க 6 மில்லிமீற்றர் ப்ளைவூட்.

கால்களுக்குத் தையல் மெஷினின் இரும்புச் சட்டங்கள். பக்கச் சட்டங்களைப் பிரித்துக் கதவின் இரு முனைகளில் பூட்டியதும் மேசை பக்கவாட்டில் ஆடியது. நடுவில் அவற்றைப் பிணைத்திருந்த வார்ப்புத் துண்டுதான் ஆட்டத்தைத் தடுத்திருக்கிறது. அதற்குப் பதிலாகத் தட்டை இரும்பைக் குறுக்காகப் பூட்டினோம். வெல்டிங் வேண்டாம், வார்ப்பிரும்பு வெடிக்கும். பழைய துளைகளிலேயே போல்ற் போடுங்கள். தரை கீறாமல் இருக்கக் காலடியில் சைக்கிள் ரியூப் துண்டு.

பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளை அடுக்கி வைத்த பெட்டிகள் கரித்துண்டும் நிப்பும் வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். ஆனால் பெட்டியின் ஒவ்வொரு சிற்றறையிலும் ஈயத்தூள் கிடக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் இரண்டு கை வார்னிஷ்.

சறுக்கியது வெளிச்சத்தில். ஓவியக்கூடத்துக்கு நேர் வெயில் விழாத வடக்கு வெளிச்சமே நல்லது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை நம்பி, வடபுறச் சரிவில் சில ஓடுகளை எடுத்துக் கண்ணாடி ஓடு வைத்தோம். கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடக்கில்தான். மாணவர்களின் தாளில் நேரே வெயில் விழுந்தது. கண்ணாடி ஓடுகளைத் திருப்பி எடுக்கவில்லை; கைமரத்துக்குக் கீழே வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டினோம். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், கழற்றித் தோய்க்கும்படி கொக்கியில் மாட்டுங்கள்.

கழுவு தொட்டிக்குக் கீழே இரண்டு வாளி வையுங்கள். முதலாவதில் கை, பாத்திரம் கழுவும் பிளாஸ்ரர் ஒஃப் பரிஸ் படியும், இரண்டாவதிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேறும். நேரே விட்டால் குழாய்க்குள் கல்லாக இறுகிவிடும். பிறகு தரையைத்தான் உடைக்கவேண்டும்.