எச்.எஸ்.சி. தேர்வும் என்.எல்.பி. பயிற்சிகளும்: எது உதவும், எதை விட்டுவிடலாம்

மொரீசியஸில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வுக்காக கிரேட் 13 படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி முடிந்தால் லெசோன் (தனி டியூஷன்), லெசோன் முடிந்தால் பஸ், வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். அதற்கப்புறம் மேசையில் உட்கார்ந்தால் கை முதலில் போனைத்தான் தேடுகிறது. ‘என்.எல்.பி. படித்தால் ஞாபகசக்தி கூடும், லோரியா ஆகலாம்’ என்று யாராவது சொல்வது இந்த நேரத்தில்தான். என்.எல்.பி. என்பது நியூரோ-லிங்குயிஸ்டிக் புரோகிராமிங், மனதில் ஓடும் படத்தையும் பேச்சையும் மாற்றிப் பழகும் முறை. லோரியா என்பது எச்.எஸ்.சி.யில் முன்னணியில் வந்து அரசு உதவித்தொகை பெறுபவர். ஞாபகசக்தி கூடிவிடாது. ஆனால் படிக்க உட்கார வைப்பது, தேர்வு அறையில் உறைந்துபோனால் மீட்பது, உள்ளுக்குள் ஓடும் பேச்சைத் திருத்துவது ஆகிய மூன்றுக்கும் அதன் சில பயிற்சிகள் கைகொடுக்கும்.

1970களில் கலிபோர்னியாவில், சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரிண்டரும் தொடங்கியது இது. பெர்ல்ஸ், சட்டீர், எரிக்சன் என்ற மூன்று சிகிச்சையாளர்கள் எப்படிப் பேசினார்கள் என்று கவனித்து அதிலிருந்து உத்திகளைத் திரட்டினார்கள். கோட்பாடாகப் பார்த்தால் ஆய்வுகளில் இது பெரிதாகத் தேறவில்லை. கண் மேலே இடப்பக்கம் போனால் நினைவு, வலப்பக்கம் போனால் கற்பனை என்று அது சொல்வதை நம்ப வேண்டாம். ‘நீ விஷுவல் (கண்ணால் கற்பவன்), நீ ஆடிட்டரி (காதால் கற்பவன்)’ என்று பிரித்துச் சொல்லும் சோதனைக்குப் பணம் கட்டவும் வேண்டாம். வேதியியல் வரைபடத்தை யாராக இருந்தாலும் கண்ணால் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் மனக்காட்சி. இங்கே பிள்ளைகள் கண்ணை மூடினால் வருவது ஒரே படம்: முடிவு வந்த நாள், பள்ளி வாசலில் நண்பர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுவது. பார்க்க இனிமையாக இருக்கும், படிப்புக்கு உதவாது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே முன்னதாகப் படிக்கத் தொடங்கினார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். அதனால் படத்தை மாற்றுங்கள். லெசோன் பை நாற்காலியில் தொங்குகிறது, போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கிறது, பழைய வினாத்தாள் விரிந்திருக்கிறது, பேனா முதல் வரியை எழுதுகிறது. பஸ்ஸில் வரும்போதே ஐந்து நிமிடம் இதை ஓட்டிப் பாருங்கள். தோள் கொண்டாட்டம் நவம்பர் தேர்வு தாண்டட்டும்.

போன் பழக்கத்துக்கு ஸ்விஷ் என்ற பயிற்சி. கை போனுக்குப் போவதற்கு ஒரு நொடி முன் கண் பார்ப்பது எது? பெரும்பாலும் மேசையில் திரை மினுங்குவது. அந்தக் காட்சியை மனதில் பெரிதாக, வெளிச்சமாக வையுங்கள். கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு இருட்டாக இன்னொரு படம்: நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சட்டென்று சின்னப் படம் விரிந்து முழுத் திரையையும் பிடிக்கட்டும், போன் படம் சுருங்கி மறையட்டும். ஒரு நொடிதான். உடனே கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பாருங்கள், பிறகு மறுபடி. ஐந்திலிருந்து ஏழு முறை. பலர் கண் திறக்கும் அந்த இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். அப்போது இரண்டு படமும் முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கும். கடைசியில் போன் படமே மிஞ்சும். போனை உண்மையிலேயே அடுத்த அறையில் வைப்பது இதைவிடப் பலமான வைத்தியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு அறைக்கு உரியது ஆங்கரிங், அதாவது ஒரு மனநிலையை ஒரு தொடுகையோடு முடிச்சுப் போடுவது. முதலில் நிதானமாக இருந்த ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்கள் அந்த நினைவைத்தான் எடுப்பார்கள். எடுக்கலாம், ஆனால் எந்தத் தருணம் என்பதில் கவனம் வேண்டும். கோர் தெ கார்த் மலைக்கோயில் படியில் காவடி தோளில் ஆடும் வேகம் கணக்குத் தாளுக்கு ஆகாது. மேலே போய் இறக்கி வைத்து, பால் அபிஷேகம் முடிந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்த அந்த அமைதிதான் வேண்டியது. அதை மறுபடி கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள், காலின் கீழ் கல்லின் சூட்டை உணருங்கள். உணர்வு ஏறிக்கொண்டே வரும்போது, உச்சத்துக்குச் சற்று முன் இடது கைக் கட்டைவிரலை மோதிர விரலோடு அழுத்துங்கள். ஐந்து முதல் பத்து நொடி. இறங்கத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். எழுந்து தண்ணீர் குடித்து, வீட்டுப் பூனையைப் பார்த்துவிட்டு வந்து திரும்பச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, இரண்டு மூன்று வாரம்.

வலது கை பேனா பிடிக்கும், அதனால்தான் இடது கை (இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளலாம்). விரல் சொடுக்குவது, கை கட்டுவது போன்று நாள் முழுக்கத் தெரியாமல் செய்யும் அசைவைத் தேர்ந்தெடுத்தால் முடிச்சு தங்காது. இன்னொரு தவறு பெரியது: நிதானமாக இருக்கும்போது பழகாமல், பயம் வரும்போது மட்டும் விரலை அழுத்துவது. பத்து முறை அப்படிச் செய்தால் விரல் பயத்தோடு கட்டுப்பட்டுவிடும். பிறகு அழுத்தினாலே நெஞ்சு படபடக்கும்.

இனி உள்பேச்சு. மொரீசியஸ் பிள்ளைக்கு இது தனிச் சிக்கல். வினாத்தாள் ஆங்கிலத்தில், பத்திரிகை பிரெஞ்சில், தமிழ் பாடவேளையிலும் கோயிலிலும். ஆனால் தேர்வு அறையில் பயம் பேசுவது கிரியோலில்: ‘மோ நில்’, நான் சூனியம். அதற்கு எதிராக ஆங்கிலப் புத்தகத்திலிருந்து நம்பிக்கை வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் ஒட்டாது. மனம் அதை வினாத்தாளில் வந்த வாக்கியம் மாதிரிதான் கேட்கும். பயம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியிலேயே பதில் சொல்லுங்கள். ‘தூஸ்மான்’ (மெதுவாக) என்ற ஒரே சொல் போதும், பாட்டி அரிசி புடைக்கும்போது சொல்கிற தொனியில். சிலருக்கு வேறொரு வழி பிடிக்கும்: அந்த ‘நில்’லைத் தமிழாகவே கேட்டு, ஒரு கணம் நிற்பது. சிரிப்பு வந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் ‘எனக்கு மாத் எப்பவுமே வராது’ என்றால் மெட்டா மாடல் கேள்வியை, அதாவது பொதுப்படையான பேச்சைக் குறிப்பாக்கும் என்.எல்.பி. கேள்வியை, போடுங்கள்: எப்பவுமா? எந்தத் தாளில், எந்தக் கேள்வியில்? கடைசியாக எழுதிய மூன்று தாள்களை எடுத்து, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள்: தெரியாது, கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போய்விட்டது. ‘எப்பவும்’ என்பது பல பிள்ளைகளிடம் டிரிகோனோமெட்ரி, வெக்டர் என்று இரண்டு அத்தியாயமாகச் சுருங்கிவிடும்.

அந்தத் தாளையே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து தேர்வாளராகத் திருத்துவது அடுத்தது. வினாத்தாள் தயாரிக்கும் கேம்பிரிட்ஜின் கணக்கு விடைக்குறிப்பில் எம் என்பது வழிமுறைக்கு, ஏ என்பது சரியான விடைக்கு, பி என்பது வழிமுறை மதிப்பெண்ணைச் சாராமல் தனித்து நிற்கும் மதிப்பெண். சிவப்புப் பேனாவோடு பத்து நிமிடம் இதைச் செய்தவர்கள், விடை வராவிட்டாலும் வழியை எழுதிவைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இலக்கு வைக்கும்போது ‘ஏ வாங்குவேன்’ வேண்டாம், அது முழுக்க உங்கள் கையில் இல்லை. ‘ஞாயிறு காலை பத்துக்குள் கணக்கு (பாடக் குறியீடு 9709) தாள் 1, ஒரு மணி 50 நிமிடத்தில், திருத்தியும் முடிப்பேன்’ என்பது உங்கள் கையில் இருக்கிறது. 75 மதிப்பெண்ணுக்கு 110 நிமிடம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

அறையில் உறைந்துவிட்டால் வரிசை இதுதான். பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள், இரண்டு முறை. விரலை அழுத்துங்கள். கேள்வியில் உள்ள எண்களை மட்டும் தாளில் எழுதுங்கள், முழு விடையைத் தேட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் நகரவில்லையென்றால் கேள்வி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதற்கும் வீட்டில் ஒத்திகை வேண்டும்: மின்விசிறியை நிறுத்தி, மதிய வெயிலில், கடினமான நாற்காலியில் ஒரு தாளாவது எழுதிப் பாருங்கள்.

தாள் முடிந்ததும் பள்ளி கேட் அருகே விடை ஒப்பிடும் கூட்டம் நிற்கும். அடுத்த தாள் நாளைக்கு என்றால் அங்கே நிற்காமல் நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். வழியில் ஒரு தால் பூரி வாங்கிச் சாப்பிடுங்கள், மிளகாய் அளவாக.