போன வருஷ முடிவு, இந்த வருஷ ஆரம்பம்

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்த என்னை 2024 டிசம்பரில் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு மாற்றினார்கள். பந்தோபஸ்து கிடையாது, ராத்திரி ரோந்து கிடையாது என்று ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். ஜனவரியில் ஆண்டுப் புள்ளிவிவரப் படிவங்கள் வந்து இறங்கிய பிறகுதான், இந்த இடத்தை ஏன் யாரும் கேட்டு வாங்குவதில்லை என்று புரிந்தது.

ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் கணக்கை எங்களுக்குத் தர வேண்டும். நாங்கள் சரிபார்த்துச் சென்னையில் இருக்கும் மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து டெல்லிக்கு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகும். 1953-லிருந்து வந்துகொண்டிருக்கும் 'கிரைம் இன் இந்தியா' அறிக்கை இப்படித்தான் உருவாகிறது. எஃப்ஐஆர்தான் கம்ப்யூட்டரில் ஏறுகிறதே, பட்டனைத் தட்டினால் கணக்கு வந்துவிடாதா என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த செக்‌ஷனில் பல வருஷமாக இருக்கும் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் (எஸ்.எஸ்.ஐ.) அண்ணன் முதல் நாளே சொன்னார். "தம்பி, எடுத்ததும் கூட்ட ஆரம்பிக்காதே. போன வருஷ முடிவை எடுத்து முன்னால வை. அதுதான் இந்த வருஷ ஆரம்பம்."

விஷயம் இதுதான். ஒவ்வொரு குற்றத் தலைப்பிலும் போன வருஷம் விசாரணையில் நின்ற வழக்குகளோடு இந்த வருஷம் பதிந்தவற்றைக் கூட்ட வேண்டும். அதில் முடித்தவற்றைக் கழித்தால் மிஞ்சுவது, டிசம்பர் 31 அன்று ஸ்டேஷன்களில் நிஜமாகவே நிலுவையில் இருக்கும் யு.ஐ. (விசாரணையில் உள்ள) வழக்குகளோடு ஒத்துப்போக வேண்டும். கோர்ட்டில் தீர்ப்புக்காக நிற்கும் பி.டி. வழக்குகளுக்கும் இதே மாதிரி தனிக் கணக்கு. தண்டனை, விடுதலை, சமரசம், ஆள் இறந்து முடிந்தது என்று அதில் கட்டங்கள் இன்னும் அதிகம். கோர்ட் டியூட்டி காவலர் ஒருவர் லீவில் போனால் அந்த ஸ்டேஷன் கணக்கும் லீவில் போய்விடும்.

எண்ணுவதற்கென்று சில விதிகள் உண்டு. சம்பவம் என்றைக்கு நடந்தது என்பது முக்கியமில்லை, எஃப்ஐஆர் என்றைக்குப் பதிந்தது என்பதுதான் கணக்கு. ஒரே எஃப்ஐஆரில் பல பிரிவுகள் இருந்தால் அதிகத் தண்டனை உள்ள பிரிவு மட்டும் எண்ணப்படும். பாட்டியைக் கொன்று நகையைக் கொண்டுபோன ஆதாயக் கொலை, கொலைத் தலைப்பில் ஒன்றாக நிற்கும். கொள்ளைத் தலைப்புக்கு வராது. மனு வாங்கி, வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். என்கிற மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அது எந்தத் தலைப்பிலும் வராது. ரைட்டராக நான் எத்தனை சி.எஸ்.ஆர். ரசீது எழுதியிருப்பேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். சரி, அது வேறு கதை.

எனக்கு வாய்த்த வருஷமும் லேசானதில்லை. 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டங்கள் வந்ததால் பாதி வருஷம் இ.பி.கோ., பாதி வருஷம் பி.என்.எஸ். என்கிற பாரதிய நியாய சன்ஹிதா. கொலை 302-லிருந்து 103-க்குப் போனது, மோசடி 420-லிருந்து 318-க்கு. ஆகஸ்டில் பதிந்த வழக்கானாலும் சம்பவம் ஜூனில் நடந்திருந்தால் பழைய சட்டம்தான். செயின் பறிப்புக்கு நாங்கள் வழக்கமாக 392, அதாவது வழிப்பறி போடுவோம். புதுச் சட்டத்தில் பறிப்புக்கென்றே 304 வந்துவிட்டது. இரண்டாவது அரையாண்டில் வழிப்பறி சட்டென்று இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு "என்னப்பா, திருந்திட்டாங்களா?" என்றார் டி.எஸ்.பி. அய்யா.

இதற்கு நேரெதிரானதை 2020-ல் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். ஊரடங்கில் வண்டியை நிறுத்தினால் ஒரு 188 வழக்கு, அதாவது அரசு உத்தரவை மீறிய வழக்கு. ஒரே நாளில் எழுதி எழுதிக் கை வீங்கியது. 2019-ல் நாடு முழுக்க 29 ஆயிரம் சொச்சமாக இருந்த 188 வழக்குகள், 2020-ல் 6 லட்சத்தைத் தாண்டின. மொத்தக் குற்ற வழக்குகள் 28 சதவீதம் கூடிவிட்டன என்று பேப்பரில் தலைப்பு வந்தபோது, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒருவழியாக எல்லாத் தலைப்பும் சரியாக வந்தது, கொலையைத் தவிர. கூட்டிக் கழித்தால் வரும் நிலுவையைவிட ஸ்டேஷன்களில் ஒரு வழக்கு அதிகமாக நின்றது. ஒன்றே ஒன்று. திருட்டில் ஒன்று உதைத்தால் எங்கேயாவது கூட்டலில் தவறியிருக்கும் என்று தேடலாம், கொலையில் அப்படி விட முடியாது. மூன்று நாள் ஒவ்வொரு ஸ்டேஷனாகக் குற்ற எண்ணை வாசிக்கச் சொல்லி டிக் அடித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அண்ணன்தான் கேட்டார், "முடிச்ச கேஸையெல்லாம் பாத்தியா? பிறக்காத கேஸ் ஏதாவது முடிஞ்சிருக்கான்னு பாரு."

இருந்தது. 2023 டிசம்பரில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஒருவர் பிணமாகக் கிடந்தார். சந்தேக மரணம் என்று 174-வது பிரிவில் எஃப்ஐஆர் பதிந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை முழுதாக வந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில். கழுத்தை நெரித்துத்தான் கிணற்றில் போட்டிருக்கிறார்கள். செக்‌ஷனை 302, 201 (கொலை, தடயத்தை மறைத்தல்) என்று ஆல்டர் செய்து, அதாவது மாற்றி, ஆளைப் பிடித்து, ஜூலையில் சார்ஜ் ஷீட்டும் போட்டுவிட்டார்கள். நல்ல விசாரணை. ஆனால் எஃப்ஐஆர் எண் 2023-ஐச் சேர்ந்தது என்பதால் 2024 பதிவில் வரவில்லை. 2023 முடிவில் அது கொலையே இல்லை என்பதால் நிலுவையிலும் வரவில்லை. முடித்த வழக்குகளில் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஸ்டேஷன் ரைட்டருக்குப் போன் போட்டால், "அண்ணே, நான் சரியாத்தானே கொடுத்திருக்கேன்?" என்கிறான். அவன் சொன்னதும் சரிதான்.

சென்னைக்குப் பேசினோம். ஆல்டர் ரிப்போர்ட் நகலும் விளக்கக் கடிதமும் கேட்டார்கள். டி.எஸ்.பி. அய்யா கையெழுத்தோடு அனுப்பினோம். ஆரம்ப நிலுவையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கு நேரானது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. விபத்து மரணங்களுக்கும் தற்கொலைகளுக்கும் தனிப் புத்தகம் உண்டு. அதற்கான 2023 கணக்கில் இந்த மனிதரை 'நீரில் மூழ்கி இறப்பு' என்று ஏற்கெனவே அனுப்பியிருந்தோம். அதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த வருஷம் முடிந்துவிட்டது என்றார்கள்.

2023-க்கான புத்தகங்கள் 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்தன. வேலை இல்லாத ஒரு மத்தியானம் திறந்து, தமிழ்நாட்டு வரிசையில் நீரில் மூழ்கியவர்கள் எண்ணிக்கையைத் தேடிப் பார்த்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கிணத்துக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த புத்தகத்துலயும் வருவாரு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.