0 பிபிஎம்மில் நிற்கும் பீக் யாருடையது? கேத்தோடு பொடிக்கு லித்தியம் என்எம்ஆர் எடுத்த அனுபவம்

மதுரையில் காயின் செல் (காசு வடிவச் சிறு சோதனை பேட்டரி) கட்டி, சார்ஜ் ஏற்றி, பிரித்து, அதன் கேத்தோடு (நேர்முனை) பொடியை வெளியூர் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சிக்னலை அளக்கும் முறை) மையத்துக்குக் கொண்டுபோய் அளக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். திடப்பொருள் அளக்கும் கருவியில் நேரம் கிடைப்பதே அரிது. கிடைத்த நேரத்தில் பாதியைத் தின்றுவிடுவது ஒரே கேள்விதான்: 0 பிபிஎம் பக்கம் ஊசி மாதிரி நிற்கும் பீக் யாருடையது? (பீக் என்பது நிறமாலையில் சிக்னலின் முகடு, பிபிஎம் என்பது அது எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் அளவுகோல்.)

லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்றால் குழப்பமில்லை. அதிலுள்ள கோபால்ட்டுக்கு ஜோடியில்லாத எலக்ட்ரான் கிடையாது, அதனால் பொருளின் சொந்தப் பீக்கே 0-க்குப் பக்கத்தில்தான் வரும். நிக்கலோ மாங்கனீஸோ சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். ஜோடியில்லாத எலக்ட்ரானின் தாக்கம் ஆக்சிஜன் வழியாக லித்தியம் கருவரை எட்டி, பீக்கை நூற்றுக்கணக்கான பிபிஎம் தள்ளிவிடும். மாங்கனீஸ் ஸ்பினல் (லித்தியம் மாங்கனீஸ் ஆக்சைடு) 500-ஐ ஒட்டி வரும். லித்தியம் மிகுந்த அடுக்கு ஆக்சைடில், லித்தியம் அடுக்கில் இருப்பது 750-க்கு அருகிலும் மாங்கனீஸ் அடுக்கில் புகுந்தது 1500-க்கு அருகிலும் தெரியும். எக்ஸ்ரேயில் லித்தியம் கண்ணில் படுவதே கஷ்டம். இங்கே அது எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதே தெரிகிறது. இந்த முறைக்காக இத்தனை பாடுபடுவதும் அதற்காகத்தான்.

என்எம்சி 811 (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் 8:1:1 விகிதத்தில் உள்ள ஆக்சைடு) போன்ற பொடியில் படிக லித்தியம் பல நூறு பிபிஎம்முக்குப் பரந்த மேடாக வரும். அதில் 0-வில் கூர்மையாக ஒன்று நின்றால் அது படிகத்துக்கு உள்ளே இருப்பதல்ல. கழுவாமல் விட்ட எலக்ட்ரோலைட் உப்பாக இருக்கலாம், லித்தியம் ஃப்ளோரைடாக இருக்கலாம், மேற்பரப்பில் படிந்த கார்பனேட்டாகவோ ஹைட்ராக்சைடாகவோ இருக்கலாம். நிக்கல் மிகுந்த பொடி காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் மதுரைக் காற்றே நனைந்திருக்கும், அப்போது பாட்டிலைத் திறந்து வைத்து எடை போடவே கூடாது. எடை போடுவதும் கிளவ் பாக்ஸுக்குள்தான் (வெளிக்காற்று புகாத கையுறைப் பெட்டி).

செல்லைப் பிரிக்கும்போது உலோக இடுக்கி இரண்டு முனையையும் தொட்டால் ஷார்ட் ஆகி, 4.3 வோல்ட்டில் நிறுத்திய சார்ஜ் நிலை கைவிட்டுப் போகும். பீங்கான் முனை இடுக்கியே வேண்டும். எலக்ட்ரோடை டைமெத்தில் கார்பனேட்டில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லிலிட்டரில் ஒரு நிமிடம் அலசி, வெற்றிடத்தில் காயவைத்து, அலுமினியத் தாளிலிருந்து சுரண்டுகிறோம். நன்றாகக் கழுவினோமா என்பதை ஃப்ளோரின்-19 கருவின் என்எம்ஆர் சொல்லிவிடும்: -72 பிபிஎம் அருகே தெரிவது மிச்ச உப்பு, -91 அருகே பொடியை ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பைண்டர், -204 அருகே லித்தியம் ஃப்ளோரைடு. முதல் பீக் தெரிந்தால் லித்தியம் நிறமாலையை ஆராய்ந்து பயனில்லை, திரும்பக் கழுவ வேண்டும்.

எத்தனை செல் வேண்டும் என்பதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கணக்குப் போடுங்கள். 14 மிமீ வட்டத்தின் பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் பூச்சு என்றால் ஒரு செல்லில் கிடைப்பது 7.7 மில்லிகிராம். ரோட்டர் என்பது பொடியை அடைத்துக் கருவிக்குள் வேகமாகச் சுழற்றும் சிறு குழாய். 1.3 மிமீ ரோட்டருக்குச் சில மில்லிகிராமே போதும், ஒரு செல்லே மிச்சம். 4 மிமீ ரோட்டரை நிரப்பப் பத்து செல்லாவது கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் அது சுழல்வது 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான், 1.3 மிமீ 60-ஐத் தாண்டும். 9.4 டெஸ்லா காந்தத்தில் லித்தியம்-7-க்கு 15 கிலோஹெர்ட்ஸ் என்பது 96 பிபிஎம் இடைவெளி, அந்த நெருக்கத்தில் சைட்பேண்டுகள் (சுழற்சியால் நடுப்பீக்கின் இருபுறமும் வரும் நிழல் பீக்குகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 60-இல் இடைவெளி 386 பிபிஎம். 4.7 டெஸ்லா காந்தம் கிடைத்தால் அது 772 ஆகிவிடும். பெரிய காந்தம்தான் நல்லது என்ற நினைப்பு இந்தப் பொருள்களுக்குப் பொருந்தாது.

ரோட்டரில் அடைக்கும் முன் பொடி இருக்கும் கண்ணாடிக் குப்பிக்கு வெளியே ஒரு கைக்காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நகரும் துகள் இருந்தால் உலோக நிக்கலோ இரும்போ கலந்திருக்கிறது, அந்த ரோட்டர் சரியாகச் சுழலாது. கார்பன் அதிகமான எலக்ட்ரோடும் சிரமம் தரும்: மின்சாரம் கடத்துவதால் ப்ரோப் (சிக்னலை வாங்கும் பகுதி) ட்யூன் ஆகாது, சுழலும்போது சூடேறும். உலர்த்திய சிலிக்காவோடு சம அளவு கலந்தால் அடங்கிவிடும். இன்னொன்று, ரோட்டரின் ஓரத்தில் பாதிக்குப் பூசிய கறுப்பு மையைப் பார்த்துத்தான் சென்சார் வேகத்தை எண்ணுகிறது. மீதிப் பாதியில் கரித்தூள் ஒட்டியிருந்தால் வெள்ளை தெரியாது, எண்ணிக்கை தாறுமாறாக ஓடும். எத்தனாலில் நனைத்த துணியால் துடைத்து, மையை மறுபடி பூசினால் சரியாகிவிடும். சுழற்றுவதற்குக் காற்று வேண்டாம், நைட்ரஜன் கேளுங்கள்.

எது உண்மையான பீக் என்று அறிய 60 கிலோஹெர்ட்ஸிலும் 50 கிலோஹெர்ட்ஸிலும் இரண்டு முறை எடுக்க வேண்டும். சைட்பேண்ட் இடம் மாறும், நடுப்பீக் நிற்கும் என்பது பாடம். காந்தத்தன்மையுள்ள கேத்தோடில் நடுப்பீக்கும் கொஞ்சம் நகரும். வேகம் கூடினால் உராய்வில் பொடி சில பத்து டிகிரி சூடாகிறது, சூடானால் பிபிஎம் குறைகிறது. அந்தச் சிறு நகர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே நிஜமான வெப்பம் எவ்வளவு என்பதை ஈய நைட்ரேட்டின் ஈயம்-207 பீக்கிலிருந்து எடுக்கலாம், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.75 பிபிஎம்.

கடைசியாக 0 பிபிஎம் பீக்கின் அளவு. படிக லித்தியம் ஒரு பல்ஸுக்கு (ரேடியோ அலைத் துடிப்பு) பிறகு சில மில்லிநொடியில் பழைய நிலைக்குத் தளர்ந்துவிடும், அதனால் 0.1 நொடி இடைவெளியில் ஆயிரக்கணக்கான ஸ்கேன் ஓடும். கார்பனேட்டுக்கோ பல நொடிகளும் அதற்கு மேலும் தேவை. அந்த வேகத்தில் எடுத்தால் அது நிஜத்தைவிடப் பல மடங்கு சிறிதாகத் தெரிந்து, பொடி சுத்தம் என்று நாமே ஏமாந்துபோவோம். எதிர்த் தவறும் உண்டு: ஹான் எக்கோவில் (இரண்டு பல்ஸ் கொடுத்து அளக்கும் முறை) பரந்த மேடு பாதியிலேயே தேய்ந்து, 0 பீக் பெரிதாகத் தோன்றும். இரண்டின் விகிதத்தை ஒரே நிறமாலையிலிருந்து எடுக்காதீர்கள். காலி ரோட்டரையும் நிரப்பிய ரோட்டரையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 0 பீக்கை மட்டும் நீண்ட இடைவெளி விட்டு ஒற்றைப் பல்ஸில் எடுங்கள். பிறகு அதே ரோட்டரில், எடை தெரிந்த லித்தியம் கார்பனேட்டைச் சிலிக்காவில் கலந்து, அதே அமைப்பில் எடுத்து ஒப்பிடுங்கள்.