ஆர்வியில் குரைக்கும் நாய்: முதலில் ஜன்னலைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஆர்வி (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு நாயோடு கிளம்புகிறவர்கள் பயிற்சியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நாயைத் திருத்துமுன் வண்டியைத் திருத்துங்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பத்தடியில் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே நாய் காவல் வேலையைத் தொடங்கிவிடும். சுவரோ இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். உள்ளே குரைப்பது அடுத்த வண்டியில் தெளிவாகக் கேட்கும்.

பசையில்லாமல் தண்ணீர் தெளித்து ஒட்டும் மங்கலான ஃபிலிம் போதும். நாய் சோபாமேல் நிற்கும்போது கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கீழிருந்து அதற்கு மேல் நான்கு அங்குலம்வரை ஒட்டுங்கள். மேலே விட்ட இடத்தில் வெளிச்சம் வரும். ஓரங்களில் ஒரு நூல் அளவு குறைத்து வெட்டாவிட்டால் நாலே நாளில் சுருண்டு எழும்பும். கதவிலுள்ள சின்னக் கண்ணாடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டுநர் பார்க்கும் கண்ணாடிகளில் ஃபிலிம் வேண்டாம், நின்றபின் திரை போட்டுக்கொள்ளலாம்.

கண்ணை மறைத்ததும் காது கூர்மையாகிற நாய்களும் உண்டு. அவற்றுக்குக் கூரை விசிறியை ஓடவிட்டால் காலடிச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

முகாமில் வண்டி நிறுத்த இடம் கேட்கும்போது வரிசையின் கடைசியைக் கேளுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியும் குப்பைத்தொட்டிப் பக்கமும் ஆகாது, இரவெல்லாம் ஆள் நடமாட்டம்.

தேசியப் பூங்காக்களில் கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக்கூடாது; வெளியே கட்டிப்போட்டுவிட்டுப் போவதும் விதிமீறல். தனியார் முகாம்கள் சிலவற்றில் நாயை வண்டிக்குள்ளேகூடத் தனியே விடக்கூடாது என்பார்கள். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

தனியே விட அனுமதி இருந்தால், ஊரில் இருக்கும்போதே பழக்குங்கள். சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, வெளியே போய்ப் பத்து விநாடியில் திரும்புங்கள். பிறகு முப்பது விநாடி, ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, பத்து. குரைத்தால் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். பழைய போன் ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் போனால் குரைப்பு எப்போது தொடங்கியது என்று தெரியும்: நீங்கள் போன உடனேயா, வெளியே ஏதோ சத்தம் கேட்டா? முன்னது பிரிவுப் பதற்றம், பின்னது காவல். எச்சில் ஒழுகக் கதவைப் பிறாண்டுகிற நாய்க்கு இதெல்லாம் போதாது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயத்தில் குரைக்கிற நாய்க்கு இன்னொரு பயம் எதற்கு?

குரைப்பைவிட ஆபத்தானது, நாய் உள்ளே தனியே இருக்கும்போது ஏசி நின்றுபோவது. முகாமில் வண்டிக்குத் தரும் 30 ஆம்ப் மின் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு மொத்தம் 3,600 வாட்தான். ஏசிக்கு ஏறக்குறைய 13 ஆம்ப், மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டருக்கு 12. அதற்குமேல் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும். கிளம்புமுன் ஹீட்டரை எரிவாயுவுக்கு மாற்றுங்கள். ஏசி ஓடும்போது பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள்; மின்சாரம் திரும்பி வந்தும் ஏசியைத் தானாக ஓடவைக்காத தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. வெப்பம் ஏறினால் செய்தி அனுப்பும் கருவி செல்போன் சிக்னலில் இயங்குவதாக இருக்கட்டும். முகாம் வைஃபையை நம்ப முடியாது, மின்சாரம் போனால் அதுவும் போகும்.

கதவில் உங்கள் போன் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். அக்கம்பக்கத்தார் முகாம் அலுவலகத்தில் புகார் சொல்லப் போகுமுன் உங்களை அழைப்பார்கள்.