தயிர் ஆண்பால், ரொட்டி பெண்பால்

டெல்லி ஆர்.கே.புரத்தில் நாடக ஒத்திகை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் யாராவது கேட்பார்கள்: "அண்ணா, தேசிய நாடகப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "முடித்ததும் மும்பைக்குப் போய்விடலாம் அல்லவா?" முதல் கேள்விக்கு வழி சொல்ல முடியும். இரண்டாவதற்கு என் கதையைத்தான் சொல்ல முடியும்.

விதிமுறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மூன்று ஆண்டு முழுநேர டிப்ளமா. ஏதாவதொரு பட்டமும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும், இந்தி, ஆங்கிலத்தில் புழங்கும் அளவுக்குப் பழக்கமும் கேட்பார்கள். வயது வரம்பு உண்டு. முதற்கட்டத் தேர்வு பல நகரங்களில் நடக்கும். அதில் தேறியவர்களுக்கு டெல்லியில் சில நாள் பட்டறை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நீங்களே படியுங்கள்; அண்ணன் சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள். அந்த 6 நாடகங்களுக்குச் சான்று திரட்டுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். திருவாரூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் நான் நடித்த நாடகத்துக்கு அமைப்பாளராக இருந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் தன் மளிகைக்கடை லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். மேலே "சில்லறை, மொத்த வியாபாரம்", கீழே என் நடிப்புக்கு நற்சான்று! நோட்டீஸ், புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதல் முறை தோற்றேன். தவறு முழுக்க என்னுடையது. பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய குரல் எனக்கு. சின்ன அறையில், நாலைந்து பேர் முன்னால், ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் பேசுவதுபோல முழங்கினேன். அதைவிட மோசம் என் இந்தி. தமிழில் ஒரே 'க' நாலு ஒலிகளுக்கும் வேலை செய்துவிடுகிறது. இந்தியில் நாலுக்கும் நாலு எழுத்து. நான் வீர வசனம் பேசப் பேச, எதிரில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த ஒரு வருடம் டெல்லி முனிர்க்காவில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். எதிர்வீட்டு ஆசிரியை ஒருவர் காகிதப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எழுத்துகளைச் சொல்ல வேண்டும். மூச்சுக் கலக்காத 'க'வுக்குக் காகிதம் அசையக் கூடாது. மூச்சோடு வரும் அடுத்த எழுத்துக்குப் பறக்க வேண்டும். சித்தி இதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ மூச்சுக் கோளாறு என்று ஊருக்குப் போன் செய்துவிட்டார்.

பால் குழப்பம் அதைவிடப் பெரிது. நமக்கு உயிரற்றது எல்லாம் அஃறிணை, கதை முடிந்தது. இந்தியிலோ தயிர் ஆண்பால், ரொட்டி பெண்பால். வினையும் அதன்படி மாறும். இதற்குப் புத்தகத்தைவிடக் காய்கறி வண்டிக்காரரே நல்ல ஆசிரியர். நான் தப்பாகச் சொன்னதை அவர் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்.

மாலையானால் மண்டி ஹவுஸ். நாடகப் பள்ளி அங்கே பகவான் தாஸ் சாலையில் இருக்கிறது. கமானி, ஸ்ரீராம் சென்டர், எல்.டி.ஜி. அரங்கங்கள் எல்லாம் நடந்து போகும் தூரம்தான். பள்ளி நடத்தும் நாடக விழாவான பாரத் ரங் மஹோத்சவ் 1999-இல் தொடங்கியது. அதில் வெவ்வேறு மொழி நாடகங்களைப் பார்க்கலாம். மொழி புரியாத நாடகத்தைப் பார்ப்பதுதான் என் கணக்கில் மிகச் சிறந்த தயாரிப்பு. சொல் புரியாதபோது, பேசாமல் நிற்கிற நடிகர் என்ன செய்கிறார் என்று கண் போகும்.

இரண்டாம் முறை பட்டறைவரை வந்தேன். அங்கே பெரிதாக நடிக்க வாய்ப்புத் தேடியவர்கள் தனித்துத் தெரிந்தார்கள், பாராட்டும்படி அல்ல. கூட இருந்தவர் சொல்வதைக் காதில் வாங்கி, அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொண்டவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எனக்கும் எளிதாக இருந்தது. என்னை ஏன் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுப் பாடம். பிறகு நடிப்பா, இயக்கம்-வடிவமைப்பா என்று பிரிய வேண்டும். நான் நடிப்பை எடுத்தேன். இப்போது யோசித்தால் ஒளியமைப்பில் எனக்கு இன்னும் நல்ல கை இருந்தது என்று தோன்றுகிறது. விளக்குப் போடுகிறவனை ஊரில் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் தடுத்துவிட்டது. அசட்டு எண்ணம்.

படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மும்பைக்கு ரயிலேறினார்கள். நான் பள்ளியின் ரெப்பர்டரியில், அதாவது 1964 முதல் இயங்கும் அதன் சொந்த நாடகக் குழுவில், சேர்ந்து மாதச் சம்பளத்துக்கு நடித்தேன். சில வருடம் கழித்து மும்பையிலிருந்து ஒரு தொடரில் நடிக்க அழைப்பு வந்தது. மாதத்தில் 25 நாள் படப்பிடிப்பு. அப்போது அம்மா இடுப்பெலும்பு முறிந்து என்னோடு டெல்லியில் இருந்தார். மறுத்துவிட்டேன். "என்னால்தானே?" என்று அம்மா கேட்டபோது இல்லை என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம். அங்கே ஆடிஷன் வரிசையில் ஐம்பதாவது ஆளாக நிற்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அம்மாவின் இடுப்பு அதற்கு நல்ல சாக்காக அமைந்தது.

இப்போது பள்ளிக்கூடங்களில் நாடகம் சொல்லித்தருகிறேன், தமிழ் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று மேடை நாடகம். ஞாயிறு காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், மாலையில் மகளோடு மலை மந்திர் முருகன் கோயில். கூடப் படித்தவரின் முகம் சுவரொட்டியில் தெரியும்போது வயிற்றில் ஏதோ புரள்வது உண்மை. வீட்டுக்கு வந்து ரசம் வைக்கும்போது அது அடங்கிவிடுவதும் உண்மை. பள்ளியின் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசியிடம் இங்கே படித்த சே. இராமானுஜம் ஊர் திரும்பித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். மும்பைதான் ஒரே தடம் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவைப்பேன்.

போன வாரம் வந்த பையன் தேர்வுக்கென்று தயாரித்த பாட்டைப் பாடிக் காட்டினான். இந்தி சினிமாப் பாட்டு, மூச்சு வாங்கியது.

"உங்கள் ஊர் நடவுப் பாட்டு ஏதாவது தெரியுமா?"

"எனக்குத் தெரியாது அண்ணா. அப்பாயி பாடும்."

"அப்பாயிக்குப் போன் போடு" என்றேன்.