அசைக்கும் முன் வலியை அடக்குதல்

தொடை எலும்பு முறிந்தவருக்கு அடிபட்ட நொடியோடு வேதனை முடிவதில்லை. காலை நேராக்கும்போது, ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கும்போது, பிறகு சாலையின் ஒவ்வொரு குழியிலும் அது மறுபடி உச்சத்துக்குப் போகிறது. அதனால் எந்த மருந்து என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதே முக்கியம். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு ஆம்பியூலைத் தேடினால், மிகக் கொடுமையான கட்டத்தை நோயாளி மருந்தில்லாமலே கடந்திருப்பார்.

பெருக்கெடுக்கும் ரத்தத்தை நிறுத்தி, மூச்சுப்பாதையையும் சுவாசத்தையும் உறுதி செய்த கையோடு வலியின் அளவைக் கேட்போம்: 0 முதல் 10 வரை, எத்தனை? சிறுவர்களுக்கு முகப்படங்கள் உதவும். பேச முடியாதவரிடம் முகச்சுளிப்பையும் உடல் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். அமைதியாகக் கிடக்கும் முதியவருக்கு வலி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கேளுங்கள்.

கீழே உள்ள அளவுகள் பயிற்சி பெற்ற குழுவினருக்கானவை. உங்கள் சேவையின் நெறிமுறை அனுமதிக்கும் எல்லைக்குள்தான் பயன்படுத்த வேண்டும். ஐவி லைன் (ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) கிடைத்தால், ஓபியாய்டு வகையைச் சேர்ந்த வீரியமான வலிநிவாரணியான ஃபென்டனில், உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், மெதுவாக. முதியவருக்கும் ரத்த அழுத்தம் தாழ்ந்தவருக்கும் பாதியில் தொடங்குவோம். சில நிமிடங்களில் வேலை செய்யும். 5 நிமிடம் கழித்து வலியை மறுபடி கேட்டு, தேவையானால் முதல் அளவில் பாதியைச் சேர்க்கலாம். காலைத் தொடுவது இந்த இடைவெளிக்குப் பிறகுதான்.

லைன் கிடைக்காவிட்டால் அதே ஃபென்டனிலை மூக்கு வழி தெளிக்கலாம். கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 மைக்ரோகிராம். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் கொண்ட கரைசலில் அது 1.8 மில்லி. ஒரு நாசிக்கு 1 மில்லிக்கு மேல் விட்டால் தொண்டைக்குள் வழிந்து வீணாகும், ஆகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். தெளிப்பு முனைக்குள் சுமார் 0.1 மில்லி தங்கிவிடும். அதையும் கணக்கில் சேர்த்து உறிஞ்சுங்கள். மூக்கில் ரத்தம் வடிந்தாலோ முகம் நொறுங்கியிருந்தாலோ இந்த வழி வேண்டாம். அதிர்ச்சி நிலையில் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத ஷாக்) தசை ஊசியும் வேண்டாம்: ரத்த ஓட்டம் குறைந்த தசையில் மருந்து தேங்கிக் கிடந்து, திரவம் ஏறி ஓட்டம் திரும்பியதும் மொத்தமாகப் பாயும்.

ரத்த அழுத்தம் குறைந்தவருக்குக் கெட்டமைன் கைகொடுக்கும்; இது மயக்க மருந்து, குறைந்த அளவில் வலியை அடக்கும். கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம், 100 மில்லி சலைனில் கலந்து 10–15 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் சூழலே மாயமாகத் தோன்றி நோயாளி மிரண்டுபோவார். இங்கே நடக்கும் பெரிய தவறு குப்பியின் செறிவில்: மில்லிக்கு 10 மில்லிகிராமும் உண்டு, 50 மில்லிகிராமும் உண்டு. மாறிப்போனால் ஐந்து மடங்கு. 50 மில்லிகிராம் குப்பியில் 1 மில்லி எடுத்து 4 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 ஆகிவிடும். சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

முறிந்த உறுப்பை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டையும் வலிநிவாரணியாகவே பார்க்கிறோம். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைச் சேர்த்து அசையாமல் கட்டி, இடைவெளிகளில் பஞ்சு வையுங்கள். கட்டும் முன்பும் பின்பும் நாடி, உணர்வு, விரலசைவு பார்க்க வேண்டும். தொடையின் நடு எலும்பு முறிவுக்கு காலை இழுத்து நேராகப் பிடிக்கும் இழுவை ஸ்ப்ளின்ட் மிகுந்த நிம்மதி தரும். இடுப்பெலும்போ முழங்காலோ உடைந்திருந்தால் போடக் கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் நீர். அப்போது உடலின் மற்ற பகுதியைப் போர்த்தி வையுங்கள், குறிப்பாகக் குழந்தைகளை.

மூச்சோடு இழுக்கும் வலிநிவாரண வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கலவை எளிது, ஆனால் நெஞ்சில் அடிபட்டவருக்கு ஆபத்து: நுரையீரலுக்கு வெளியே சிக்கிய காற்றுக்குள் புகுந்து அதை விரிவாக்கும்.

வலியைக் குறைத்தால் மருத்துவருக்கு நோய் தெரியாமல் போகும் என்று இன்னும் சொல்கிறார்கள். அப்படி ஆவதில்லை, வலி தணிந்தவரைத்தான் ஒழுங்காகத் தொட்டுச் சோதிக்க முடியும். உண்மையில் அஞ்ச வேண்டியது ஃபென்டனிலால் மூச்சு மந்தமாவதை. ஆக்ஸிஜன் ஓடும்போது பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தாமதமாகவே காட்டும், ஆகவே கேப்னோகிராபியையும் (வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) நெஞ்சின் அசைவையும் கவனியுங்கள். ஃபென்டனிலின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் 0.4 மில்லிகிராமை சலைன் சேர்த்து 10 மில்லியாக்கி, 1 மில்லி 1 மில்லியாகக் கொடுத்தால் மூச்சு திரும்பும், வலி முழுதாகத் திரும்பாது.

ஃபென்டனில் 30 முதல் 60 நிமிடத்தில் இறங்கிவிடும். நீண்ட பயணத்தில் இறங்கும் முன்பே அடுத்த அளவைத் திட்டமிடுங்கள். ஒப்படைக்கும்போது மருந்து, அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம், முன்னும் பின்னும் இருந்த வலி எண் ஆகியவற்றை எழுதியே கொடுங்கள். எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போது அடுத்த அளவு வேண்டுமா என்பதை அங்குள்ளவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.