கோழி மட்டும் வரவில்லை

அல்சூரில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்காக, சொல்லைப் பார்த்துப் படத்தைத் தொடும் சின்ன விளையாட்டு ஒன்றை எழுதினேன். ஜிகாம்பிரிஸ் என்ற குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டு மென்பொருள்தான் முன்மாதிரி. 2000-இல் ஜிடிகே என்ற நிரல் கருவித்தொகுப்பில் தொடங்கிய அதையே, டேப்லெட்டிலும் ஓட வேண்டும் என்று 2014-இல் க்யூடி என்ற வேறொரு தொகுப்பில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். நானும் க்யூடியையே எடுத்துக்கொண்டேன். இனி எங்கும் ஓடும் என்ற மிதப்பு வேறு.

என் பழைய மேக்கில் அருமையாக ஓடியது. வகுப்பில் இருப்பவை உபுண்டு என்ற லினக்ஸ் கணினிகள், கூடவே ஒரே ஒரு விண்டோஸ். உபுண்டுவில் முதலில் ஒரு படமும் வரவில்லை. படங்கள் இருந்த ஃபோல்டரின் ஆங்கிலப் பெயர் நிரலில் பெரிய எழுத்தில் இருந்தது, வட்டில் சின்ன எழுத்தில். மேக்கும் விண்டோஸும் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. சரி, பத்து நிமிட வேலை.

அப்புறம்தான் வம்பு. "அண்ணா, கோழி வரலை" என்றான் ஒரு பையன். கொக்கும் தோடும்கூட வரவில்லை. மாடும் எலியும் வந்தன. விண்டோஸிலும் அதே கதை. இரண்டு மணி நேரம் நிரலையே உருட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த தமிழ் டீச்சர், "வராததெல்லாம் ஒகரமும் ஓகாரமுமா இருக்கே" என்றார்.

ஒவ்வொரு படக் கோப்புக்கும் அந்தத் தமிழ்ச் சொல்தான் பெயர். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடுகளை, சொற்பட்டியலில் இருந்த கொக்கில் எண்ணிப் பார்த்தேன்: 6 குறியீடுகள். கோப்பின் பெயரில் இருந்த கொக்கு: 7. கண்ணுக்கு இரண்டும் ஒரே கொக்கு. பட்டியலில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு, கோப்பில் கொம்பு தனி, கால் தனி. 2017-க்கு முந்தைய மேக்குகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறை, கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். தேடும்போதும் பிரித்தே தேடுவதால் மேக்கில் எதுவும் வெளியே தெரியாது. லினக்ஸும் விண்டோஸும் இருக்கிற குறியீட்டை அப்படியே ஒப்பிடும்.

காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று, கோப்புப் பெயர்களில் பிரிந்த கொம்பையும் காலையும் ஒட்டவைக்க நாலு வரி நிரல் எழுதி, மேக்கிலேயே ஓட்டி, ஜிப் செய்து எடுத்துப்போனேன். மறு வாரமும் கோழி வரவில்லை. நான் ஒட்டியதையெல்லாம் மேக் திரும்பப் பிரித்து வைத்திருக்கிறது! இதை யோசிக்காமல் போனதற்கு யாரை நோவது?

கடைசியில் தமிழ்ப் பெயர்களைத் தூக்கிவிட்டு எண் போட்டேன். கோழி இப்போது 037, மூன்றிலும் வருகிறது. படம் வரைந்து தரும் அக்காதான், "எந்த நம்பர் எந்தப் படம்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று வாராவாரம் போன் செய்கிறார்.